கருவுற்ற தாயின் இரத்தப் பரிசோதனை

கருவுற்ற பெண்ணொருத்தி நலமாக இருக்கிறாள் என்று நாம் எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? வேளாவேளைக்கு உண்கிறாள், உறங்குகிறாள், வீட்டு வேலைகளைச் செய்கிறாள், காய்ச்சல் என்றோ தலைவலி என்றோ படுக்கவில்லை. ஆகவே நலமே என்கிறோம். வீட்டுப் பெரியோர் இவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. ஆனால் சுகாதாரப் பணியில் ஈடுபட்டோர் இவ்வளவில் மனநிறைவு கொள்ளலாகாது. தாய்க்கும் சேய்க்கும் கேடு விளைக்கும் நிலைமைகளுள் பல, தாயின் முகத்திலோ நடையிலோ தோன்றுவதில்லை.

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் கருவுற்ற பெண்களுள் 100க்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். அஃதாவது, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இவர்களுக்கு ஹிமோகுளோபின் 11 கிராமுக்கும் குறைவு. இருவரில் ஒருவர் வெளிறியிருக்கும் ஊரில் வெளிறிய முகம் யார் கண்ணுக்கும் புலப்படாது. களைப்பும் மூச்சிரைப்பும் பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்புதானே என்று விடப்படும். (1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களின் ஒருவகைச் சோகை ஈஸ்ட் சத்தினால் குணமாவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அப்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று சுகாதார ஊழியர் இரும்புச் சத்துடன் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுவே.) இரத்த அழுத்த உயர்வும் சிறுநீரில் ஆல்புமின் வெளிப்படுவதும் இத்தகையனவே. கருவியைக் கையில் கட்டி அளந்தாலன்றித் தொடக்கத்தில் அவை தெரிவதில்லை.

எனினும் இவற்றைப் பற்றி நம் ஊழியர்கள் ஓரளவு அறிந்தே இருக்கின்றனர். தாய்க்கு யாதொரு துன்பமும் தராமல் அவள் இரத்தத்தில் தங்கி, வயிற்றிலுள்ள குழவியை மட்டும் அழிக்க வல்ல தொற்று நோய்கள் சில உள. அவற்றைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற எண்ணுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீனிங்’ எனப்படுவதைத் தமிழாக்கும்போதெல்லாம் இதை எழுதுவோர் தயங்கியதுண்டு. ‘பரிசோதனை’ என்றால், நோய் உண்டு என ஐயுற்றுச் செய்வது என்ற பொருள் வந்து சேர்கிறது, பெண்களும் அவ்வாறே பொருள் கொண்டு, “எனக்கென்ன நோய்? எதற்காக என் இரத்தத்தை எடுக்கிறீர்கள்?” என்று வினவுகின்றனர். ‘சலித்தல்’ என்பதே கருத்தில் நெருங்கிய சொல். மாவைச் சல்லடையிலிட்டுச் சலிப்பவள், இன்ன மாவில் கப்பி இருக்கும் என்று ஐயுற்றுச் சலிப்பதில்லை. எல்லா மாவையும் சலிக்கிறாள். சல்லடையில் தங்கியதை உடனே குப்பையில் கொட்டுவதும் இல்லை. கையிலெடுத்து மீண்டும் ஒரு முறை பார்க்கிறாள். இவ்விரண்டும் இரத்தச் சோதனைக்குப் பொருந்தும். அச்சொல் பழக்கத்துக்கு வராமையால் இக்கட்டுரையிலும் பரிசோதனை என்றே எழுதுகிறோம். பொருளை மட்டும் மனத்திற் கொள்க.

இத்தொற்றுகளுள் மிகப் பழமையானதும், எளிதில் தீர்க்கக் கூடியதும், அவ்வாறிருந்தும் இன்றுவரை குழவிகளைக் கொன்று வருவதும் சிபிலிஸ் எனப்படும் மேகக் கிரந்தி நோயாகும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ 11 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாகவும், அதன் காரணமாக 3 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருக்களும் குழவிகளும் கேடுற்றதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்நோயின் கிருமியை 1905இல் ஜெர்மனியில் ஷாடின், ஹாஃப்மன் என்னும் இரு விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். திருகுபோல் சுருண்ட, மிக மெல்லிய கிருமி அது. உடலில் புகுந்து ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குப் பின், புகுந்த இடத்தில் ஒரு புண் தோன்றும். அதில் வலி இராது. பெண்களுக்குப் பெரும்பாலும் அது உள்ளுறுப்பில் தோன்றுவதால் கண்ணுக்கும் படாது. மருந்தின்றியே சில வாரங்களில் ஆறிவிடும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால் முதலிய இடங்களில் தடிப்புகள் தோன்றலாம். அவையும் தாமே மறையும். அதன்பின் நோய் ஒடுங்கிப் பல ஆண்டுகள் யாதொரு குறியும் இன்றி உடலில் தங்கும். இவ்வாறு ஒடுங்கியிருக்கும் காலத்தில் கருவுறும் பெண், தனக்கு ஒரு நோய் உண்டென்று கனவிலும் கருதமாட்டாள். அவளிடம் கேட்டறியவோ, பார்த்தறியவோ ஏதுமில்லை. ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழவியின் இரத்தத்திற் புகும்.

தக்க சிகிச்சை பெறாத தாய்மாருள் பாதிப்பேருக்கு மேல் இதனால் கேடு விளைகிறது: கருச்சிதைவு, செத்துப் பிறத்தல், குறைப் பிரசவம், பிறந்த சில நாட்களில் சிசு மரணம், அல்லது நோயுடன் பிறத்தல். தாய்க்கு நோய் புதிதாயின் குழவிக்கு ஆபத்து மிகுதி. பழையதாயின் ஓரளவு குறையும். ஆகவே ஒருத்திக்கு முதற் குழவி செத்துப் பிறந்து, அடுத்தது குறைமாதத்தில் பிறந்து இறந்து, மூன்றாவது உயிருடன் தங்குவதும் உண்டு. இத்தகைய குடும்பங்களில் தோஷம் என்றும், தாயின் வயிறு ஆகாதது என்றும் பேசப்படுவதைக் கேட்கிறோம். அவளுடைய இரத்தத்தை ஒரு முறையேனும் யாரேனும் சோதித்தார்களா என்று மட்டும் கேட்பவர் இல்லை.

நோயுடன் பிறக்கும் சிசு, பிறந்தவுடன் நல்ல சிசுவைப் போலவே தோன்றக் கூடும். சில வாரங்கள் கழித்து மூக்கு அடைத்து நீர் வடிதல், உள்ளங்கை உள்ளங்கால்களில் தோல் உரிதல், ஈரலும் மண்ணீரலும் வீங்குதல், எலும்பு வலியால் கையையோ காலையோ அசைக்காமல் கிடத்தல் முதலியன தோன்றும். அப்போதும் தப்பியவற்றுக்குப் பிற்காலத்தில் நிலைத்த முன்பற்களின் நுனி பிறைபோல் குறைந்திருத்தல், கருவிழி மங்குதல், செவிடு ஆகிய மூன்றும் வரலாம் என்று லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டு மாணவர்களின் பற்களைக் கொண்டு நோய் கூற முற்படலாகாது. பல் பழுதுபடக் காரணங்கள் பல. ஆனால் பாடத்தில் பின்தங்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்குமுன் அவனுக்குக் காது கேட்கிறதா, கரும்பலகை தெரிகிறதா என்று டாக்டரிடம் அனுப்பிப் பார்ப்பது ஆசிரியர் செய்யக் கூடியதே.

இனி, சோதனையைப் பற்றி நோக்குவோம். கிருமி கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, 1906இல், வாசர்மன் என்பவர் இரத்தத்தைக் கொண்டு இந்நோயை அறியும் முறையை வகுத்தார். அது மிகச் சிக்கலானது. 1946இல் அமெரிக்காவில் மேகநோய் ஆராய்ச்சிச்சாலையில் எளிய முறையொன்று வகுக்கப்பட்டது. அச்சாலையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே ‘வி.டி.ஆர்.எல்.’ என நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் வழங்குகின்றன. இச்சோதனை கிருமியைத் தேடுவதன்று. மாட்டின் இதயத்திலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட கார்டியோலிப்பின் என்னும் கொழுப்புப் பொருளை நோயாளியின் இரத்தத் தெளிவுடன் கலந்து அசைத்தால், நோயுற்றோர் இரத்தத்தில் சிறு திரள்கள் உண்டாகும். மைக்ராஸ்கோப்பில் அவற்றைக் காணலாம். தெளிவை இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு மடங்கு என நீர்த்துக்கொண்டே போய், எவ்வளவு நீர்த்த பின்னும் திரள்கிறது என்று பார்த்தால் நோயின் வேகத்தையும், மருந்து வேலை செய்கிறதா என்பதையும் அறியலாம்.

இதில் ஒரு குறை உண்டு. மலேரியா முதலிய வேறு சில நோய்களிலும், அருமையாகக் கருவுற்ற நிலையிலேயே கூட, நோயில்லாதவர் இரத்தம் திரள்வதுண்டு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு 20 நிமிஷ அளவில் முடிவு கூறும் புதிய அட்டைச் சோதனைகள் வேறு வகையின. அவை கிருமிக்கே எதிராக உடல் உண்டாக்கிய பொருளைக் காட்டுபவை. ஆனால் ஒரு காலத்தில் நோய் வந்து முற்றும் குணமானவருக்கும் அவை ஆயுள் முழுவதும் நோய் உண்டு என்றே காட்டக் கூடும். ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

சரிபார்ப்பது ஏன் அவசியம் என்பதைச் சிறு கணக்கினால் விளக்கலாம். ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் போட்டுக் காட்டலாம். 1000 பெண்களுள் 5 பேருக்கு மட்டும் நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அந்த ஐவரையும் தவறாமல் காட்டிவிடுகிறது. ஆனால் நோயில்லாதவர் 100 பேரில் ஒருவரை நோயாளி என்று தவறாகக் கூறுகிறது. இது நல்ல சோதனையே. எனினும் நோயற்ற 995 பேரில் ஏறத்தாழ 10 பேர் தவறாகச் சுட்டப்படுகின்றனர். மொத்தம் சுட்டப்பட்டவர் 15. அவர்களுள் உண்மையில் நோயுற்றோர் 5 பேரே. நோய் அரிதாக உள்ள ஊரில் சல்லடையில் தங்குவதில் பெரும்பகுதி நல்ல மாவாகவே இருக்கும் என்பது இதனால் தெளிவு. நம் நாட்டில் கருவுற்ற பெண்களிடையே இந்நோயும் எச்.ஐ.வி. தொற்றும் மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுவதால் இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

அங்ஙனமாயின், உறுதியாகும் வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கலாமா? கிரந்தி நோயைப் பொறுத்தவரை கூடாது என்பதே இக்கால மருத்துவ முடிவு. காரணம் மருந்தின் தன்மையும் காலத்தின் அருமையுமாகும். 1943இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி என்பவர் நான்கு நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்து நோய் நீங்கக் கண்டார். அதற்குமுன் பாதரசமும் ஆர்சனிக்கும் கொண்டு ஆண்டுக் கணக்கில் வருத்திய சிகிச்சை அதனுடன் மறைந்தது. பென்சாதீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், பிட்டத்தில் ஒரு முறை ஊசி: அண்மையில் தொற்றிய நோய்க்கு இதுவே முழுச் சிகிச்சை. எப்போது தொற்றியது என்று தெரியாதவிடத்து வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். இம்மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று குழவியையும் குணப்படுத்துகிறது. நோயில்லாத பெண்ணுக்குத் தவறிக் கொடுத்தாலும் தீங்கு மிகச் சிறிது. நோயுள்ள பெண்ணுக்குக் கொடாமல் இரண்டு வாரம் கடந்தால் குழவியை இழக்க நேரலாம். எனவே முதற் சோதனையிலேயே குறி தோன்றினால் அன்றே முதல் ஊசியைப் போட்டுவிட்டு, சரிபார்க்கும் சோதனையைப் பின்னர் செய்துகொள்ளலாம் என்கின்றனர் வல்லுநர்.

இவ்விடத்தில் தேதி முக்கியம். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் சிகிச்சை தொடங்கியிருந்தாலன்றிக் குழவி காப்பாற்றப்பட்டதாகக் கணக்கிடுவதில்லை. எட்டாம் மாதத்தில் இரத்தம் எடுத்து, ஒன்பதாம் மாதத்தில் முடிவு வந்து, பிரசவ வார்டில் ஊசி போடுவது தாய்க்கு உதவும், குழவிக்கு உதவாது. முதல் மூன்று மாதங்களுக்குள் இரத்தம் எடுக்க வேண்டும் என்று மேலிடத்தார் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

பெனிசிலின் ஊசியைக் கண்டு நோயாளிகளை விட ஊழியர்களே மிகுதியும் அஞ்சுகின்றனர். ஒவ்வாமையால் உயிருக்கு ஆபத்து நேரக் கூடும் என்பது உண்மையே. ஆனால் அது மிக அரிது. அட்ரினலின் மருந்தை அருகில் வைத்துக்கொண்டு, ஊசிக்குப் பின் அரை மணி நேரம் பெண்ணை உட்கார வைத்துப் பார்ப்பதே அதற்குப் பாதுகாப்பு. அச்சத்தினால் எரித்ரோமைசின் மாத்திரை கொடுத்தனுப்புவது தவறு. அம்மருந்து நஞ்சுக்கொடியைப் போதிய அளவு கடப்பதில்லை. அத்தாயின் குழவி சிகிச்சையே பெறாததாகக் கருதப்படும். பெனிசிலின் உண்மையாகவே ஒவ்வாத பெண்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சிறிது சிறிதாக மருந்துக்குப் பழக்கிப் பின் கொடுப்பதே முறை.

சோதனையும் உண்டு, மருந்தும் உண்டு; பின் எங்கே தவறுகிறது? முன்னர்க் கூறிய குடும்ப நல ஆய்வையே மீண்டும் பார்ப்போம். பிரசவங்களில் 100க்கு 89 மருத்துவ நிலையங்களில் நடைபெறுகின்றன. இது பெரிய முன்னேற்றம். ஆனால் முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வந்த தாய்மார் 100க்கு 70 பேரே. நான்கு முறையேனும் வந்தவர் 100க்கு 58 பேரே. அஃதாவது, இறுதியில் நம்மிடம் வந்து சேர்வோருள் பலர் நேரங்கழித்து வருகின்றனர். முதல் மூன்று மாதம் பிறர் அறியக் கூறலாகாது என்ற வழக்கம் ஒரு தடை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது மற்றொன்று. புகுந்த வீட்டூரில் இரத்தம் எடுக்கப்படுகிறது. முடிவு வருமுன் பெண் ஐம்பது மைல் அப்பால் சென்றுவிடுகிறாள். காகிதம் இங்கே, தாய் அங்கே. அங்குள்ள செவிலி, “இரத்தம் எடுத்தார்களா?” என்று கேட்கிறாள். “எடுத்தார்கள்” என்கிறாள் பெண். முடிவு என்ன என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் பதிவேட்டில் ‘பரிசோதனை ஆயிற்று’ என்று ஏறிவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி, இரத்தம் எடுத்தார்களா என்பதன்று. முடிவு என்ன, ஊசி போட்ட தேதி எது என்பதாம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் நடைபெறும் பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டப் பரிசோதனைக்கு எந்த ஊரில் இருப்பவளும் செல்லலாம் என்பதைப் பெண்ணுக்குச் சொல்லி வைப்பது நன்று.

கணவனுக்கும் சிகிச்சை அளிக்காவிடில் தாய்க்கு மீண்டும் தொற்றும். இதைச் சொல்வது தான் ஊழியர் பணியில் மிகக் கடினமான பகுதி. குற்றம் யாருடையது என்ற பேச்சு எழுந்தால் இழப்பு பெரும்பாலும் பெண்ணுக்கே. ஆகவே யார் மூலம் வந்தது என்பதை இச்சோதனை கூறாது, எத்தனை ஆண்டுகட்கு முன் வந்தது என்பதையும் பெரும்பாலும் கூறாது என்ற உண்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற சொற்களை வீட்டு வாசலில் நின்று வழங்குவதும் கூடாது. அண்டை வீட்டார் காதில் விழுவது ஒருபுறமிருக்க, நெகட்டிவ் என்பதைக் கெட்ட செய்தி என்று எண்ணிக் கலங்கிய பெண்களும் உண்டு. “இரத்தத்தில் ஒரு குறி தெரிகிறது, குழந்தையைக் காக்க இன்று ஓர் ஊசி போட வேண்டும், உங்கள் வீட்டுக்காரரும் வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும்” என்று தனியிடத்தில் கூறினால் போதும்.

எச்.ஐ.வி. விஷயத்தில் இந்த இரகசியம் சட்டத்தாலேயே காக்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்ணின் சம்மதம் பெற்றே சோதிக்க வேண்டும். முடிவைப் பிறருக்கு வெளியிடலாகாது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் ஆராய்ச்சியினாலாகும். தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2002இல் தொடங்கியது. 2014 முதல் தொற்றுள்ள கருவுற்ற பெண்கள் யாவருக்கும் ஆயுள் முழுவதும் மருந்து கொடுக்கப்பட்டு வருகிறது. சிகிச்சை இன்றேல் 100க்கு 15 முதல் 45 வரையான குழந்தைகளுக்குப் பரவக் கூடியது, சிகிச்சையால் 5க்கும் கீழே குறைகிறது. கிரந்தி நோயைப் போலன்றி இங்கு உறுதிப்பாடு முதலில், மருந்து பின்னர். வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளும் ஒத்தாலன்றித் தொற்று உண்டென்று கூறுவதில்லை.

மஞ்சட் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியில் கடிகாரம் இன்னும் வேகமானது. வளர்ந்தோருக்குத் தொற்றினால் 100க்கு 5 பேருக்கும் குறைவானவரிடமே அது நிலைக்கிறது. பிறக்கும்போது தொற்றினால் 100க்கு 90 குழந்தைகளிடம் நிலைத்து, பிற்காலத்தில் ஈரலைக் கெடுக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் தடுப்பூசி இதைப் பெரும்பாலும் தடுக்கிறது. இத்தடுப்பூசி 2011 முதல் நாடு முழுவதும் தேசியத் திட்டத்தில் அடங்கியுள்ளது. தாயின் தொற்று முன்னரே தெரிந்திருந்தால் சிசுவுக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் உடன் கொடுக்க இயலும். ஞாயிற்றுக்கிழமை பிறந்த குழந்தைக்கு மறுநாள் மாலை தடுப்பூசி என்பது, நேரம் தவறிய தடுப்பூசியே.

எல்லாத் தொற்றும் கருவுற்ற பின் சோதித்துத் தீர்க்கக் கூடியன அல்ல. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுடன் பல குழந்தைகள் வருவதைக் கண்டு, தாய்மாருக்குக் கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா என்னும் இலேசான அம்மை கண்டிருந்ததை வெளிப்படுத்தினார். அதற்கு இன்றும் மருந்தில்லை. பெண் குழந்தை வளர்ந்து தாயாகுமுன் தடுப்பூசி போடுவது ஒன்றே வழி. 2017இல் தொடங்கிய தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோருக்காகப் பள்ளிகளில் நடத்தப்பட்டபோது, பெற்றோரின் ஐயங்களுக்கு விடையளிக்கும் பொறுப்பு ஆசிரியர்கள் மேல் விழுந்ததை மறந்திருக்க மாட்டார்கள்.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்த முதல் நாடு என 2015இல் கியூபா அறிவிக்கப்பட்டது. 2019இல் நம் அண்டை நாடான இலங்கையும் அச்சான்றைப் பெற்றது. ஒழித்தல் என்றால் நோயே இல்லாமற் போதல் அன்று. கிரந்தியைப் பொறுத்தவரை, ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 50க்கு மேற்படாத அளவில் குழந்தைகள் பாதிக்கப்படுவதும், கருவுற்றோரில் 100க்கு 95 பேரேனும் சோதிக்கப்பட்டு, நோயுற்றோரில் 100க்கு 95 பேரேனும் சிகிச்சை பெறுவதும் ஆகும். இலங்கையில் குடும்ப நல மருத்துவச்சி வீடு வீடாகச் சென்று கருவுற்றோரைப் பதிந்து தொடர்ந்து கவனித்து வருவது நம் ஊழியர்கள் அறிய வேண்டுவது.

பிரசவத்துடன் வேலை முடிவதில்லை. சிகிச்சை பெற்ற தாயின் குழந்தைக்கும் வி.டி.ஆர்.எல். சோதனை செய்து, தாயின் அளவுடன் ஒப்பிட வேண்டும். தாயை விட நான்கு மடங்கு மிகுந்திருப்பின் குழந்தைக்கு நோய் உண்டு. சமமாகவோ குறைந்தோ இருப்பின் அது தாயிடமிருந்து வந்த பொருளாக இருக்கலாம். அவ்வாறாயின் ஆறு மாத அளவில் மறைந்துவிடும். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு முதற் சோதனை ஆறாம் வாரத்தில்; முடிவான சோதனை 18ஆம் மாதத்தில். அதுவரை அக்குழந்தையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாகாது.